கத்தரிக்காவின் கடையைப் பிடுங்கிய கடிதம்

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. கத்தரி அக்கா என்றால் கைகாட்டுவார்கள். எந்நேரமும் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் வந்த பெயர். வாய்ச் சோம்பேறிகள் அதைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் கத்தரிக்கா என்று காய்கறி ஆக்கிவிட்டார்கள். வேறொருத்தியாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இவள் அதையே தன் கடைக்குப் பெயராக வைத்தாள். கூப்பிடுவதுதான் கூப்பிடுகிறார்கள், அதில் நாலு காசு வரட்டுமே என்றாள்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறைதான். யாரோ வேண்டாமென்று கழற்றிப்போட்ட கதவு ஒன்றை இரண்டு இரும்புக் கால்களின் மேல் படுக்கவைத்து வெட்டும் மேசையாக்கியிருந்தாள். மூலையில் ஃபோம் சுருள்கள். ஜன்னலோரம் தடித்த துணி தைக்கும் மெஷின். அதில் அவள் தைப்பது உறை. சட்டை தைக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தூசியிலும் மழையிலும் கெட்டுப்போகிற சாமான்களுக்கு உறை தைக்க அந்த ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது. டிரம்பெட், தொலைநோக்கி, அக்கார்டியன், பல் டாக்டரின் நாற்காலி, எதுவானாலும் சரி. ஒருவன் தன் ஆமைக்குக் கேட்டான். அதற்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் அளந்து சொல்லும் அளவை அவள் காதில் வாங்கவே மாட்டாள். சாமானைப் பழைய செய்தித்தாள் மேல் கிடத்தி, சுற்றிக் கோடு போட்டு, அந்தத் தாளையே மடித்து அனுப்பச் சொல்வாள். அது வந்த பிறகு தன் டேப்பை எடுத்து மறுபடி அளப்பாள். "நீங்க அளந்தது உங்க மனசுக்கு. நான் அளக்கிறதுதான் துணிக்கு" என்பாள். பை தைக்கிற தொழிற்சாலையில் வெறும் ஜிப் மட்டும் வைத்து வைத்தே பாதி வயதைக் கழித்தவள் அவள். அங்கே மேஸ்திரி சொன்ன அளவை நம்பி வெட்டிய பைகள் மலையாகத் திரும்பி வரும். திட்டு மட்டும் தைத்தவளுக்கு விழும். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். இவள் ஏலத்தில் ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு வீடு வந்தாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, மாலையில் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிற மனிதர். அவர்தான் அவளுக்கு இணையத்தில் கடைப் பக்கம் திறக்க ஒத்தாசை செய்தார். பணம் வாங்குவதற்கு ஓர் இணையப் பணச் சேவையில் கணக்கும் தொடங்கினார்கள். அதில் 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று ஒரு கட்டம் வந்தது. கேட்டதற்குத்தானே பதில் சொல்ல முடியும்? கத்தரிக்கா என்று போட்டாள். அன்றிலிருந்து பணம் வரும்போதெல்லாம் 'அன்புள்ள கத்தரிக்கா' என்று அந்தச் சேவை மரியாதையாகக் கடிதம் எழுதியது. வீட்டுக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு தாங்காது. "முதலாளியம்மா, காய்க்கு லெட்டர் வந்திருக்கு" என்று அறைக்கு அறை சத்தம் போடுவார். முதலாளியம்மா என்று அவர் கேலியாகத்தான் கூப்பிட்டார். அவளுக்கு அது கேலியாகப் படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரிடமும் கையேந்தாமல், யாரிடமும் கணக்குச் சொல்லாமல், தன் பேரில் ஒரு கடை.

இதைத்தான் அந்த ஒரு கடிதம் பிடுங்கிக்கொண்டு போனது.

ஓர் இசைப்பள்ளிக்கு செல்லோ உறைகள் தைத்து அனுப்பியிருந்தாள். செல்லோ என்பது ஆளுயரத்துக்கு நிற்கும் வாத்தியம். அதற்கு உறை தைப்பது ஒரு குண்டு மனிதருக்குக் கோட்டு தைக்கிற மாதிரி. பள்ளியின் செல்லோ டீச்சர், பணம் இன்றைக்கு நாளைக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். நூல் டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்து, கால் மெஷின் மிதியில் இருக்க, கண் பாதி தையலிலும் பாதி போனிலுமாக இருந்த வேளையில் கடிதம் வந்தது.

சேவையின் அதே சின்னம், அதே நீலம். 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்கியது. உங்களுக்கு வந்த தொகையை நிறுத்திவைத்திருக்கிறோம், மாலைக்குள் கணக்கை உறுதிசெய்யாவிட்டால் தொகை அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும், கீழே உள்ள பொத்தானை அழுத்துங்கள் என்று எழுதியிருந்தது.

அவளுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அதுவும் தொழிற்சாலை தந்ததுதான். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேஸ்திரியின் விசில் காதைக் கிழிக்கும். கடை தொடங்கிய பிறகும் அதை அவள் விடவில்லை. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் ஊசி நிற்பதற்குள் பதில் போடுவாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையோடு, துணியில் கோடு போடும் சாக்கட்டித் தூள் ஒட்டிய விரலால், பொத்தானை அழுத்தினாள். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். போனுக்கு வந்த குறியீட்டைக் கேட்டது, அதையும் கொடுத்தாள். 'நன்றி' என்று வந்தது. இவளும் வாய்விட்டு "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு ஜிப்பைத் தைத்து முடித்தாள்.

முடித்துவிட்டுக் கணக்கைத் திறந்தால் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. செல்லோ பணம் காலையிலேயே வந்திருந்தது. வந்த சுவடு மட்டும் இருந்தது. அதோடு அந்தப் பருவம் முழுக்கச் சேர்த்துவைத்திருந்ததும் போயிருந்தது. ரெக்ஸின் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதும் அதில்தான் இருந்தது. அவள் மெஷினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள். அதைச் சொல்வதில் என்ன வெட்கம்?

வெட்கம் மற்றவர்களுக்குத்தான் வந்தது. பணச் சேவைக்கும் வங்கிக்கும் காவல்துறைக்கும் புகார் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் சபை கூடியிருந்தது. வீட்டுக்காரர், மகன், விஷயம் கேள்விப்பட்டு ஆட்டோ பிடித்து வந்த நாத்தனார். நாத்தனாருக்கு யார் வீட்டில் கஷ்டம் வந்தாலும் மனசு துடித்துப்போய்விடும், துடித்துக்கொண்டே முழு விவரமும் கேட்டுக்கொள்வாள்.

"அண்ணி, வெளியில யாருக்கும் சொல்லிடாதீங்க. மானம் போயிடும்" என்றாள்.

"யார் மானம்?" என்று கேட்டாள் கத்தரிக்கா.

"நம்ம எல்லார் மானமும்தான்."

"நான் என்ன திருடிட்டா வந்தேன்? திருடினவன் மானத்தோட எங்கயோ உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான். திருட்டுக் கொடுத்த நான் மூஞ்சிய மூடிக்கணுமா?"

மகன் குறுக்கே வந்தான். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவன். நல்ல பிள்ளைதான். அம்மா அழுது அவன் பார்த்ததில்லை. அன்று பார்த்துவிட்டான். அதிலேயே பயந்துபோயிருந்தான்.

"அம்மா, கணக்க என் நம்பருக்கு மாத்திடுறேன். மெயிலும் எனக்கே வரட்டும். ஆர்டர், பணம் எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன். நீ தைச்சா போதும்."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஏமாந்த சூட்டில் சரி என்று தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலை நினைத்துப் பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்ட அளவுக்கு அந்தத் திருடனைக்கூடத் திட்டியதில்லை.

நீ தைச்சா போதும். கேட்பதற்கு எவ்வளவு பாசமான வார்த்தை! தொழிற்சாலையிலும் இதைத்தான் சொன்னார்கள். மகன் அலுவலகம் விட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, சாவகாசமாக ஆர்டர்களைப் பார்ப்பான். நாலு வரி எழுதிக் கேட்கும் வாடிக்கையாளருக்கு 'ஓகே, நோட்டட்' என்று இரண்டு சொல்லில் பதில் போடுவான். அக்கார்டியன் வாசிப்பவர் ஒருவர் வருஷாவருஷம் அவளிடம் வருபவர். உள்துணி என்ன நிறம் போடலாம் என்று அவளோடு பேசிப் பேசித்தான் முடிவு செய்வார். அவருக்கு 'ஓகே' போனது. அவர் வேறு ஊர்க் கடைக்குப் போய்விட்டார். ஜிப் ரோல் வாங்க அவள் மகனிடம் பணம் கேட்க வேண்டியிருந்தது. "எதுக்கும்மா இவ்வளவு?" என்று அவன் ஒருநாள் கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. என் வீட்டில், என் மெஷினில், நான் இப்போது கூலிக்காரி என்று தெளிவாகவே புரிந்தது.

அவளுக்கு வந்த கோபத்தை அவள் வீணாக்கவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். "அந்தச் சனியன அழிச்சுத் தொலைங்க அண்ணி" என்று நாத்தனார் எத்தனையோ தடவை சொன்னாள். மாட்டேன் என்றாள். கிழிந்து திரும்பி வந்த உறையை யாராவது எறிவார்களா? எந்தத் தையல் விட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

பிரித்தாள். அனுப்பியவர் பெயர் என்று மேலே சேவையின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைத் தொட்டால் அடியில் உண்மையான முகவரி விரிந்தது. அதற்கும் சேவைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேறு ஏதோ ஒரு தளத்தின் பெயர், நடுவில் மட்டும் சேவையின் பெயரைச் சொருகியிருந்தான். பொத்தானை அழுத்தாமல் விரலை மேலேயே வைத்திருந்தால் அது எங்கே கூட்டிப்போகிறது என்று தெரிந்தது. அதுவும் வேறு வீட்டு வாசல். மாலைக்குள், உடனே, இல்லாவிட்டால் என்று வரிக்கு வரி விரட்டியிருந்தான். மேஸ்திரியின் விசில்! அதைக் கேட்டதும்தானே இவள் கால் தானாக ஓடியது. இத்தனை வருஷமாகக் கத்தரிக்கா என்று கூப்பிட்ட சேவை திடீரென்று வாடிக்கையாளரே என்று ஏன் கூப்பிட வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சேவையின் உதவி எண்ணை அவர்களுடைய செயலியிலிருந்தே எடுத்துப் பேசினாள். மறுமுனையில் இருந்த பெண் பொறுமைசாலி.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா நம்பலாமாங்க?" என்று கேட்டாள்.

"அத மட்டும் வச்சு நம்பாதீங்கம்மா. பேரையும் தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. மெயில் நிஜமோ பொய்யோ, அதுல இருக்கிற லிங்க்கத் தொடாதீங்க. நீங்களே எங்க முகவரிய டைப் பண்ணி உள்ள வாங்க. நாங்க எதாவது கேட்டிருந்தா அங்க உங்களுக்காகக் காத்திருக்கும். அங்க இல்லன்னா நாங்க கேக்கல."

இது அவளுக்குப் புதிதாகவே படவில்லை. அடுத்தவர் அளவை நம்பாதே, உன் டேப்பை எடுத்து நீயே அள. அவ்வளவுதானே! துணிக்கு வைத்திருந்த புத்தியைப் பணத்துக்கு வைக்காமல் போனோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையோடு, ஏமாந்தது எப்படி என்று தன் கடைப் பக்கத்திலேயே முழுக்க எழுதிப் போட ஆசைப்பட்டாள். பக்கத்தின் கடவுச்சொல்லும் மகனிடம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சேவையின் நிஜக் கடிதங்கள் எல்லாம் மகனுக்குப் போக, திருடர்களின் கடிதங்கள் மட்டும் அவளுடைய பழைய மெயிலுக்கே வந்துகொண்டிருந்தன. உலகத்தில் திருடர்கள் மட்டும்தான் அவளை இன்னமும் முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் 'அன்புள்ள கத்தரிக்கா' என்றே எழுதினான். உன் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள் என்று கரிசனத்தோடு பயமுறுத்தினான். "யாருகிட்டடா காது குத்துற?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள். முகவரியைத் தொட்டுப் பார்த்தாள், சிரித்தாள், சேவைக்கு ஒரு புகார் தட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். ஊசி அதற்குள் நின்றிருந்தது. நின்றால் நிற்கட்டும், முன்பு போல அவசரம் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது மகன் பெருமையாகச் சொன்னான்.

"இன்னிக்கு எனக்கும் ஒண்ணு வந்துச்சும்மா. கடை ஓனரோட அடையாள அட்டை வேணுமாம். அனுப்பலன்னா பணம் வாங்குறத நிறுத்திடுவானாம். தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

"லிங்க்க அழுத்தினியா?"

"நான் என்ன உன்ன மாதிரி..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டான். "அழுத்தல."

"நல்லது. நேரா உள்ள போய்ப் பாத்தியா, அங்க எதாவது கேட்டிருக்கான்னு?"

"எதுக்கும்மா? பொய்யின்னு தெரியுதே."

"எப்படித் தெரியுது?"

"எல்லாமே பொய்தான். இனிமே எது வந்தாலும் பொய்தான்."

"எல்லாமே நிஜம்னு நான் இருந்தேன். எல்லாமே பொய்யின்னு நீ இருக்க. ரெண்டு பேருமே பிரிச்சுப் பாக்கலியேடா" என்றாள் அவள். மகன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். வீட்டுக்காரர் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

சில நாள் கழித்துச் செல்லோ டீச்சர் போன் செய்தார். பள்ளிக்கு இந்தத் தடவை பெரிய ஆர்டர். ஆர்க்கெஸ்ட்ரா முழுவதற்கும் உறை, வயலினிலிருந்து டபுள் பாஸ் வரைக்கும். கோடுபோட்ட தாள்கள்கூடச் சுருளாக வந்து இறங்கிவிட்டன. முன்பணம் அனுப்புகிறோம், போனால் திரும்பி வருகிறது என்றார் டீச்சர். பெறுபவரின் கணக்கு பணம் வாங்கும் நிலையில் இல்லை என்று காட்டுகிறதாம்.

"அக்கா, உங்ககிட்டதான் குடுக்கணும்னு நான் சண்டை போட்டு வச்சிருக்கேன். ஆபீஸ்ல கணக்கு முடிக்கிற நேரம். இன்னிக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள பணம் போகலன்னா ஆர்டர ஃபேக்டரிக்குக் குடுத்துடுவாங்க. ஏதாவது பண்ணுங்க."

மாலைக்குள் என்ற விசில் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை அவள் ஓடவில்லை. போனை வைத்துவிட்டு, பள்ளியின் எண்ணைத் தானே தேடிக் கூப்பிட்டாள். அதே டீச்சர்தான் எடுத்தார், சிரித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அந்த டீச்சரே டூப்பா இருக்கலாம்" என்றான் அவன். "நீ மறுபடியும் பதட்டப்படுற. நான் சாயங்காலம் வந்து நிதானமாப் பாக்குறேன்." போனைத் துண்டித்துவிட்டான். பிறகு கூப்பிட்டால் எடுக்கவில்லை.

சாயங்காலம் அவன் வருவதற்குள் அந்த ஆர்டர் தொழிற்சாலைக்குப் போயிருக்கும். எந்த மாதிரித் தொழிற்சாலை என்று அவளுக்குத் தெரியாதா? வெறும் ஜிப் மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் எவளோ ஒருத்தியிடம் போகும். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கடையில் அப்புறம் என்ன மிஞ்சும்? மகன் 'நோட்டட்' போட, இவள் தைக்க, வருஷம் ஓட வேண்டியதுதான். பையில் அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டாள். சேலை முந்தானையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைக்கூடத் தட்டாமல் பஸ் ஏறினாள்.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாகக் கவுண்டர்கள். நடுவில் பிளாஸ்டிக் செடி, அதன் மேல் நிஜமான தூசி. வாசலில் இருந்த காவலாளி டோக்கன் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். இரும்பு நாற்காலியில், விபத்தில் முட்டி பெயர்ந்தவருக்கும் கார் கண்ணாடி உடைந்தவருக்கும் நடுவே, முறைப்படி காத்திருந்தாள். மணி அடித்து அவள் எண் பலகையில் ஒளிர்ந்தது. மகனுடைய கவுண்டருக்கு விழவில்லை, பக்கத்துக் கவுண்டருக்கு விழுந்தது. அதைத் தாண்டிப் போய் மகன் முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா! இங்க எதுக்கு வந்த?"

"டோக்கன் எடுத்துத்தான் வந்திருக்கேன். போன எடு. என் கணக்கத் திற."

"ஐயோ, மெதுவாப் பேசும்மா. எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுல பேசிக்கலாம்."

"பாக்கட்டும். என்ன பாத்துடுவாங்க? ஆமா, நான் ஏமாந்தவதான். பொய் மெயில நம்பிப் பணத்தத் தொலைச்சவதான். ஊருக்கே கேக்கட்டும்." அவள் குரலை உயர்த்தவில்லை, இறக்கவும் இல்லை. கார்க் கண்ணாடிக்காரர் தன் கவலையை மறந்து திரும்பிப் பார்த்தார்.

மகனின் காது மடல் சிவந்துபோயிற்று. அப்போது பக்கத்துக் கவுண்டரில் இருந்த கண்ணாடி போட்ட அம்மாள், அழைத்த எண்ணுக்கு ஆள் வராததால் சும்மா இருந்தவர், தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எந்த மெயிலுங்க? பணத்த நிறுத்தி வச்சிருக்கோம்னு வருமே, நீலக் கலர்ல, அதுவா?"

"அதேதான்."

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "நானும் அழுத்திட்டேங்க. எங்க வீட்டுல இன்னும் சொல்லல."

"சொல்லிடுங்க" என்றாள் கத்தரிக்கா. "நாம வாய மூடிட்டு இருக்கிற வரைக்கும் அவனுக்குக் கொண்டாட்டம். இன்னிக்கே சொல்லிடுங்க."

மகன் தன்னுடன் தினமும் டீ குடிக்கும் அந்த அம்மாளை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு போனை எடுத்து அம்மா பக்கம் நகர்த்தினான்.

அவள் குப்பைக்குப் போன கடிதத்தைத் தேடவே இல்லை. சேவையின் முகவரியை எழுத்து எழுத்தாகத் தானே தட்டினாள். தட்டி முடித்ததை விரல் வைத்து மறுபடி ஒருமுறை படித்தாள். உள்ளே போவதற்கான கடவுச்சொல்லை மகன் போட்டான். திறந்ததும் மேலே சிவப்புப் பட்டையில் காத்திருந்தது: உரிமையாளரின் அடையாளம் உறுதிசெய்யப்படவில்லை, அதுவரை பணம் பெறுவது நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. எண்ணும் மெயிலும் திடீரென்று மாறியதால் கேட்டிருக்கிறார்கள்.

"நிஜமாவே கேட்டிருக்கான்" என்றான் மகன்.

"அந்த மெயில நீ அழுத்தாம விட்டது ரொம்ப சரி. உள்ள வந்து எட்டிப் பாக்காம விட்டதுதான் தப்பு. என் தப்பவிடச் சின்னதுதான், விடு."

அடையாள அட்டையைக் கவுண்டர் மேல் வைத்து அவளே படம் எடுத்து ஏற்றினாள். சிவப்புப் பட்டைக்குள் ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. முட்டிக்காரர் தன் டோக்கனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கண்ணாடி அம்மாள் அவரைத் தன் கவுண்டருக்கு வரச் சொன்னார். கடைசியில் பட்டை போய்விட்டது. அவள் தன் போனில் டீச்சரைக் கூப்பிட்டு இப்போது அனுப்பச் சொன்னாள். போனை வைக்காமல் இருங்கள் என்றார் டீச்சர், விசைகள் தட்டும் சத்தம் கேட்டது, மகனின் போன் சிணுங்கியது. 'அன்புள்ள கத்தரிக்கா' என்று வந்திருந்தது. அப்போதும் அவள் கடிதத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தாள். பணம் அங்கே இருந்தது. ஆர்க்கெஸ்ட்ரா அவளுடையது.

மகன் போனுக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இரு. இன்னும் முடியல." அமைப்புகளுக்குள் போனாள். மெயிலைத் திருடர்களுக்குத் தெரியாத தன் புது மெயிலுக்கு மாற்றினாள், கடவுச்சொல்லை மாற்றினாள். எண்ணை மாற்ற வேண்டிய இடத்துக்கு வந்தபோது, பழைய எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. "இந்தா, உன் போன். வந்திருக்கிற குறியீட்டப் படி. நான் என் போன்ல போட்டுக்கிறேன்" என்று தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

மகன் படிக்கவில்லை. அந்தக் குறியீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அன்று கூடத்தில் அவள் அழுதது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"மறுபடியும் ஏமாந்துட்டேன்னா என்னம்மா பண்ணுவ?"

"ஏமாந்தா ஏமாந்துட்டுப் போறேன். மறுபடி தைப்பேன். என் கடையில நான் ஏமாறுவேண்டா. உன் கடையில பத்திரமா இருக்க எனக்குத் தெரியாது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு போனை அவள் பக்கம் காட்டாமல், பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாகச் சொன்னான்.

"இத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கும்மா."

"கடைக்காரிகிட்டச் சொல்லலாம்" என்றாள் அவள். "படி."

அவன் ஒவ்வொரு எண்ணாகப் படித்தான்.